அத்தையின் மாலை மாத்திரை

ஜூன் 12

அன்புள்ள பெரியவளுக்கு,

உன் தாய்மாமனும், உன் பெற்றோர் மறைந்த நாள் முதல் உனக்கும் உன் தம்பிக்கும் சட்டப்படியான பாதுகாவலனும், அளவைத் துறையில் தராசுகளைச் சோதித்து முத்திரையிடும் ஆய்வாளனுமாகிய நான் எழுதுவது. இங்கு நலம். உன் உடல்நிலை எப்படி இருக்கிறது என்பதை மறைக்காமல் எழுது.

இக்கடிதத்தின் நோக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ சேர்ந்திருக்கும் மறுவாழ்வு இல்லத்தில் முதல் ஆறு மாதம் தொலைபேசிக்கு அனுமதி இல்லை. கடிதம் எழுதலாம், அதை ஆலோசகர் படித்த பிறகே உன்னிடம் தருவார். குடும்பத்தில் ஒருவர் பொறுப்பேற்றுத் தவறாமல் எழுத வேண்டும் என்று அவர்கள் கொடுத்த ‘குடும்பத்தாருக்கான கையேடு’ கூறுகிறது. அப்பொறுப்பை நான் ஏற்றிருக்கிறேன். கையேட்டை இருமுறை படித்தேன். அச்சுப்பிழைகள் மலிந்திருக்கின்றன, விதிகளில் குறையில்லை.

உன்மேல் கோபமில்லை என்று முதல் கடிதத்தில் எழுதும்படி அதில் ஒரு பரிந்துரை உண்டு. கோபம் இருக்கிறது. பதினேழு வயதுப் பெண்ணின் பள்ளிப் பையிலிருந்து வலி மாத்திரை அட்டைகளை எடுத்தவனுக்கு இரண்டு மூன்று வாரத்தில் மனம் ஆறிவிடும் என்று கையேட்டை எழுதியவர் எதை வைத்து முடிவு செய்தார் என்று தெரியவில்லை. ஆனால் குறைந்து வருகிறது. குறையக் குறையத் தெரிவிப்பேன்.

வீட்டு நிலவரம்: மருந்தலமாரிக்குப் பூட்டுப் போட்டுவிட்டேன். சாவி என்னிடம். முன்பு உன் பொறுப்பில் இருந்த மாலை மாத்திரை உட்பட உன் அத்தைக்குரிய அனைத்தையும் நானே என் கையால் கொடுக்கிறேன். ஒரு நல்ல செய்தி. முதுகெலும்பில் புற்று பரவியதிலிருந்து இரவெல்லாம் அவளை வாட்டிய வலி, நீ போன பிறகு கணிசமாகக் குறைந்திருக்கிறது. டாக்டர், “அதே மருந்துதானே குடுக்கறீங்க? என்ன மாயம் பண்ணீங்க சார்?” என்று கேட்டார். வீட்டில் அமைதி திரும்பியிருக்கிறது, அதுதான் காரணமாக இருக்கும் என்றேன்.

உன் தம்பி சின்னவன் ஒழுங்காகப் படிக்கிறான். நீ போனதிலிருந்து குரலே வெளியில் கேட்பதில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. பதில் எழுது.

உன் நலம் நாடும்,
மாமா

ஜூன் 27

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நீங்களும் அத்தையும் தம்பியும் நலமா? நான் இப்போது பரவாயில்லை. முதல் பத்து நாள் நலம் என்று எழுதியிருந்தால் பொய்யாகியிருக்கும். எலும்புக்குள் யாரோ ஈரத்துணியைப் பிழிவதுபோல் இருந்தது. இப்போது தூங்குகிறேன், கொஞ்சம் சாப்பிடுகிறேன்.

எங்கள் கூடத்தில் எட்டுக் கட்டில். எல்லாரும் இருபதுக்குக் கீழ். குளியலறைக் கதவுகளில் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டார்கள். ஆணி அடித்த ஓட்டைகள் மட்டும் இருக்கின்றன. உள்ளே போகிறவள் பாடிக்கொண்டே இருக்க வேண்டும். பாட்டு நின்றால் வெளியே இருப்பவள் கதவைத் தள்ளிவிடலாம். இதனால் பக்கத்துக் கட்டில்காரிக்குப் ‘பாட்டுக்காரி’ என்றே பெயர் விழுந்துவிட்டது. அவளுக்குச் சுருதியே கிடையாது. “நீ நிறுத்தித் தொலைடி, செத்தாலும் பரவாயில்ல” என்று நாங்கள் கத்துவோம். “நான் செத்தா உங்களுக்குத்தாண்டி நஷ்டம், இலவசக் கச்சேரி போயிடும்” என்பாள்.

ஆலோசகருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘எக்ஸ்ரே’. இதை அவரும் படிப்பார் என்று தெரியும். படிக்கட்டும், கோபித்துக்கொள்ள மாட்டார்.

அத்தைக்கு வலி குறைந்தது என்று படித்தேன்.

அந்த மாலை மாத்திரையை நீங்களே தொடர்ந்து கொடுங்கள் மாமா. அத்தையிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள். வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

அன்புடன்,
பெரியவள்

ஜூலை 11

அன்புள்ள பெரியவளுக்கு,

நலம், உன் கடிதம் கண்டேன். எழுத்து நேராக இருந்தது. கை நடுக்கம் தணிந்திருப்பதற்கு அடையாளம் என்று கொள்கிறேன். மகிழ்ச்சி. ஆலோசகருக்குப் பட்டப்பெயர் வைப்பது முறையல்ல.

சந்தைகளில் ஆண்டுச் சோதனை தொடங்கிவிட்டது. விடிந்தால் கிளம்பி, விளக்கு வைத்த பிறகே திரும்புகிறேன். நேற்று ஒரு மளிகைக்கடைக்காரர் தராசுத் தட்டின் அடியில் காந்தம் ஒட்டியிருந்தார். முத்திரையை ரத்து செய்தபோது, “சார், நாப்பது வருஷமா இந்தத் தட்டுலதான் வியாபாரம் பண்றேன், ஒருத்தரும் குறை சொன்னதில்ல” என்றார். “அதனால்தான் அடியில் பார்த்தேன்” என்றேன். “உங்க வீட்டம்மா எப்படி உங்களோட குப்பை கொட்டறாங்க?” என்றார். ரத்துச் சீட்டை எழுதி அவர் கையில் கொடுத்தேன்.

வேலைப்பளு காரணமாக ஒரு மாற்றம் செய்திருக்கிறேன். உன் அத்தையின் மாலை மாத்திரையைச் சின்னவன் கொடுக்கிறான். அவனே முன்வந்து கேட்டான். “மாமா, நீங்க களைச்சுப் போய் வர்றீங்க. காலையிலயே எடுத்து டப்பாவுல வெச்சிட்டுப் போயிடுங்க, சாயங்காலம் நான் குடுத்துக்கறேன். சாவியெல்லாம் எனக்கு வேணாம்” என்றான். சாவி வேண்டாம் என்று அவனாகச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. பதினாறு வயதில் அந்தப் பொறுப்புணர்ச்சி எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. மாத்திரை கொடுத்துவிட்டு அவள் கட்டிலருகே உட்கார்ந்து கதை சொல்லிச் சிரிக்க வைக்கிறான். நான் அலமாரியில் மிச்சத்தை எண்ணிப் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் சரியாக இருக்கிறது.

அவன் உனக்கு எழுதியதை இத்துடன் இணைத்துள்ளேன். விதிப்படி நானும் படித்தேன். நடை எனக்கு உவப்பாயில்லை, உள்ளம் நல்லது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

மாமா

ஜூலை 11

அக்கா,

எப்படி இருக்க? நான் சூப்பரா இருக்கேன். இத மாமா படிச்சிட்டுத்தான் உள்ள வெப்பாரு. அதனால முதல்ல, வணக்கம் மாமா! அப்புறம் உங்க எக்ஸ்ரே படிப்பாங்க. வணக்கம் மேடம்! மிச்சம் மீதி இருந்தா நீ படி.

நீ போனதுல வீட்டுல நல்ல பிள்ளைங்கற வேலை காலியாச்சு. வேற ஆளே வரல, எனக்கே குடுத்துட்டாங்க. காலையில எழுந்துக்கறேன், படிக்கறேன், குப்பை கொட்டறேன், அத்தைக்குக் கால் அமுக்கறேன். மாமா நேத்து என்னைப் பாத்து சிரிச்சாரு தெரியுமா? பல் எல்லாம் இருக்கு அவருக்கு!

அன்னைக்கு மாடிப்படியில உக்காந்து பேசினோமே, நான் அதை மறக்கல. நீயும் மறக்காத. நீ ஒருத்தி போனா போதும்னு நீதான சொன்ன? இப்ப போய் மாத்திப் பேசக்கூடாது. பேசினா நான் உன்கூட எப்பவும் பேச மாட்டேன். விளையாட்டுக்குச் சொல்லல.

நல்லா சாப்பிடு. குண்டாயிட்டு வா.

தம்பி

ஆகஸ்ட் 2

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். அனைவரும் நலமா? நான் நலம்.

இம்முறை நீளமாக எழுத வரவில்லை. இரண்டே கேள்வி. அத்தைக்கு இரவு வலி இப்போது எப்படி இருக்கிறது? மாலை மாத்திரையை மறுபடி நீங்களே உங்கள் கையால் கொடுக்க முடியாதா? எவ்வளவு களைப்பாக வந்தாலும் சரி. டப்பாவில் வைத்துவிட்டுப் போக வேண்டாம். தயவுசெய்து.

தம்பி நல்லவன். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவன் தனியாக இருக்கிறான், அதுதான்.

பாட்டுக்காரி காலம் முடிந்து வீட்டுக்குப் போய்விட்டாள். குளியலறை இப்போது அமைதியாக இருக்கிறது. எங்களில் யாருக்கும் பாட வரவில்லை, அதனால் ஒன்று இரண்டு எண்ணுகிறோம்.

பதிலை உடனே எழுதுங்கள் மாமா.

பெரியவள்

ஆகஸ்ட் 12

அன்புள்ள பெரியவளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ நலம் என்று எழுதியிருந்தாய். அக்கடிதத்தை வைத்து அதை நம்ப எனக்குத் தயக்கமாக உள்ளது.

வீட்டிலிருக்கும் மருந்துகளைப் பற்றி உள்ளிருப்பவர் விசாரித்தால் குடும்பத்தார் பதில் தரக் கூடாது, ஆலோசகருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று கையேடு கூறுகிறது. உடல் தேறிய பின்னும் மனம் மருந்தைச் சுற்றியே வரும் என்று காரணமும் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு கடிதங்களில் இரண்டு முறை நீ அந்த மாத்திரையைக் குறிப்பிட்டிருக்கிறாய். ஆகவே அக்கேள்விக்கு நான் பதில் எழுதவில்லை. ஆலோசகர் கவனிக்கத் தவறியிருக்கலாம் என்பதால் இல்ல நிர்வாகத்துக்குத் தனியே முறைப்படி ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறேன். இதைத் தண்டனையாக எண்ணாதே.

உன் தம்பியைப் பற்றி நீ எழுதிய வரி எனக்கு வருத்தம் தந்தது. உள்ளிருப்பவர் முதல் மாதங்களில் வீட்டிலுள்ளோர்மேல் ஐயத்தை எழுப்பக்கூடும் என்பதும் கையேட்டில் உண்டு. மாடிப்படியில் என்ன பேசினீர்கள் என்று அவனைக் கேட்டேன். “ரெண்டு பேருக்கும் சேத்து நானே நல்லா படிக்கணும்னு சொன்னா மாமா” என்றான். அப்படிச் சொன்னவள் இப்படி எழுதலாமா?

மருந்தைப் பற்றி எழுதத்தான் தடை. நோயைப் பற்றி எழுதத் தடையில்லை. உன் அத்தைக்கு வலி மீண்டும் கூடியிருக்கிறது. பகலில் ஒன்றுமில்லை; இரவில்தான். தலையணை உறையைப் பல்லால் கடித்துக்கொள்கிறாள். காலையில் பார்த்தால் அதில் பல்தடம். டாக்டரைக் கூப்பிடவா என்றால், “டாக்டர் எதுக்கு? விடிஞ்சா சரியாப் போயிடும். நீங்க படுங்க” என்கிறாள். சின்னவன் தன் படுக்கையை அவள் அறைக்கே மாற்றிக்கொண்டான். வயதுக்கு மீறிய பாசம்.

மனத்தை ஒருமுகப்படுத்து.

மாமா

ஆகஸ்ட் 21

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் உங்கள் துணைவியாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இல்லத்தின் ஆலோசகர் எழுதுகிறேன். உங்கள் பெண்ணின் மொழியில் சொன்னால், எக்ஸ்ரே.

நிர்வாகத்துக்கு நீங்கள் அனுப்பிய கடிதத்தின்மேல் நடவடிக்கை எடுத்தாக வேண்டியிருந்தது. ஒரு மாத காலம் அவள் வெளியே கடிதம் எழுத முடியாது. விதியை நிறைவேற்றிவிட்டேன். இனி என் கருத்தைச் சொல்ல அனுமதியுங்கள்.

அந்தக் கையேட்டை எழுதியவர்களில் நானும் ஒருத்தி. மருந்துக்கு ஏங்குகிறவர்கள் என்ன மருந்து, எவ்வளவு, எங்கே என்று கேட்பார்கள். இவள் யார் கையால் என்று கேட்கிறாள். ஏன் என்று கேட்டேன். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிட்டாள். இரண்டு நாளாகச் சாப்பாட்டைத் தொட்டுவிட்டு எழுந்துவிடுகிறாள். ஏதோ ஒன்றைச் சொல்ல வந்து விழுங்குகிறாள். அது வீட்டைப் பற்றியது என்று மட்டும் எனக்குத் தோன்றுகிறது.

ஒருமுறை நேரில் வாருங்கள். முடிந்தால் தம்பியையும் அழைத்து வாருங்கள். என் கைபேசி எண்ணைக் கீழே தந்திருக்கிறேன். எந்த நேரமும் கூப்பிடலாம். அதற்குக் கையேட்டில் தடை எதுவும் இல்லை.

இப்படிக்கு,
ஆலோசகர்

செப்டம்பர் 17

அன்புள்ள பெரியவளுக்கு,

உன் உடல்நலம் எப்படி? உன் கடிதம் இல்லாத மாதம் நீளமாக இருந்தது. இதை எழுதத் தேவையில்லை, எழுதிவிட்டேன். உன் ஆலோசகர் நேரில் வரச் சொல்லியிருந்தார். ஆண்டுச் சோதனை முடியாமல் என்னால் விடுப்பு எடுக்க இயலாது. சின்னவனைக் கேட்டேன். “பரீட்சை இருக்கு மாமா, அங்கெல்லாம் நான் வரல” என்று சட்டென்று எழுந்து போய்விட்டான். அவன் என்னிடம் அப்படிப் பேசியது அன்று ஒருநாள்தான். அன்று மாலையே வந்து மன்னிப்புக் கேட்டான்.

அவனைப் பற்றி உனக்கு நல்லபடியாகத் தெரிவிக்க விரும்புகிறேன். கடுமையாகப் படிக்கிறான். இளைத்துவிட்டான். மாலையில் புத்தகத்தின்மேலேயே தலை சாய்ந்து தூங்கிவிடுகிறான். தட்டி எழுப்பினால் உடனே எழுவதில்லை. எழுந்ததும் சிரிக்கிறான். வெளிச்சம் கண்ணுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று திரையை இழுத்துவிடுகிறான். மூக்கையும் கழுத்தையும் சொறிந்துகொண்டே இருக்கிறான்; தூசி என்கிறான். யாரிடமும் கோபமில்லை, எதையும் கேட்பதில்லை. இப்படியொரு பிள்ளையை வளர்க்க நான் என்ன செய்தேன் என்று சில சமயம் யோசிக்கிறேன்.

உன் அத்தையைப் பற்றி எழுதுவதற்குத்தான் தயக்கம். இரவுகள் கொடியவையாகிவிட்டன. அவள் தடுத்தும் கேளாமல் நானே டாக்டரிடம் போய் ஒவ்வொரு இரவையும் விவரமாகச் சொன்னேன். பழைய மாத்திரை உடம்புக்குப் பழகிப்போயிருக்கும் என்று கருதி மாற்றுகிறார். நீ கேட்காத நிலையில் நானாகச் சொல்வதை விதி தடுக்கவில்லை என்பதால் எழுதுகிறேன்: புதியது பழையதைவிடப் பல மடங்கு வீரியமானது. இருபத்து நான்காம் தேதி மருத்துவமனை மருந்தகத்துக்கு வருகிறது. அன்று எனக்குச் சந்தையில் வேலை. சின்னவன் பள்ளியிலிருந்து வரும் வழியில் வாங்கி வந்து அன்று மாலையே தொடங்குவான். அதிகாரக் கடிதம் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்துவிட்டேன்.

இனி அவளுக்கு நல்ல உறக்கம் கிடைக்கும். நீயும் உறங்கு.

மாமா

செப்டம்பர் 24, பகல்

மாமா,

நலம் விசாரிக்க நேரமில்லை. உங்கள் கடிதம் இப்போதுதான் கைக்கு வந்தது. தேதி இன்று. எக்ஸ்ரே மேடம் பக்கத்தில் நிற்கிறார். இதை அப்படியே படம் எடுத்து உங்கள் போனுக்கு அனுப்புவார். பிறகு உங்களைக் கூப்பிடுவார். எடுங்கள்.

தம்பியும் எடுத்துக்கொண்டிருந்தான். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான். என் பையை நீங்கள் பிடித்த அன்று, நான் மட்டும்தான் என்று சொல்லிக்கொள்கிறேன், நீ இன்றோடு நிறுத்து என்று மாடிப்படியில் அவனிடம் சத்தியம் வாங்கினேன். அவன் நிறுத்தவில்லை.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அதைச் சொல்ல வேண்டியிருக்கும் என்றுதான் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். வெளியில் கிடைக்காதபோது அத்தையின் மாலை மாத்திரையை நான்தான் எடுத்தேன். அதே மாதிரி வெள்ளையாக, அதே அளவில் இருக்கும் ஒரு சத்து மாத்திரையை அத்தை கையில் வைத்தேன். அத்தை அதை விழுங்கிவிட்டு “நல்லா இரு” என்று சொல்வார். நான் போன பிறகு வலி குறைந்தது, காரணம் வீட்டு அமைதி என்று எழுதினீர்களே. அது இல்லை மாமா. நீங்கள் நிஜ மாத்திரையைக் கொடுத்தீர்கள், அதுதான் காரணம்.

இப்போது பகலில் வலியில்லை, இரவில்தான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். காலையில் கொடுப்பது நீங்கள். மாலையில் கொடுப்பது அவன். அலமாரியில் எண்ணிக்கை சரியாகத்தான் இருக்கும். நான் இருந்தபோதும் சரியாகத்தான் இருந்தது.

அவன் தூங்கி விழுவது, சொறிவது, வெளிச்சம் வேண்டாம் என்பது எல்லாம் படிப்பினால் இல்லை. நான் அப்படித்தான் இருந்தேன். நீங்கள் அப்போது “பரீட்சைக் களைப்பு” என்றீர்கள்.

ஒவ்வொரு நாளும் எடுத்து வைத்துச் சேர்த்து, மொத்தமாகப் போடுவான். பழைய மாத்திரைக்கு அவன் கணக்கு ஒன்று இருக்கும். புதியதையும் அதே கணக்கில் போட்டால் மூச்சு நின்றுவிடும். பாட்டுக்காரி செத்துவிட்டாள் மாமா. வீட்டுக்குப் போய், முன்பு போடுகிற அளவைப் போட்டிருக்கிறாள். இங்கே இருந்த மாதங்களில் உடம்புக்கு அது மறந்துபோயிருந்தது. அவள் வீட்டுக் குளியலறையில் தாழ்ப்பாள் இருந்தது.

அவன் இனிமேல் என்னோடு பேச மாட்டான். பரவாயில்லை. நான் பொறாமையில் எழுதுகிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை. கையேட்டில் என்ன போட்டிருந்தாலும் பரவாயில்லை. அந்தப் புது மாத்திரை அவன் கையில் இருக்கக் கூடாது.

அத்தையிடம் என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். அது நான் நேரில் கேட்க வேண்டியது.

பெரியவள்

செப்டம்பர் 24, மாலை

அன்புள்ள பெரியவளுக்கு,

உன் கடிதம் சந்தையில் கிடைத்தது. தராசுகளை அப்படியே விட்டுவிட்டு வந்தேன். நான் வந்தபோது சின்னவன் பள்ளியிலிருந்து திரும்பியிருக்கவில்லை. மருத்துவமனைக்கு ஓடினேன், வாங்கிக்கொண்டு போய்விட்டான் என்றார்கள். மீண்டும் வீட்டுக்கு வந்தேன். அவன் இன்னும் வரவில்லை. அந்த இடைவெளியில் உன் அத்தையிடம் கேட்டேன். அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன்.

“சாயங்கால மாத்திரை நிஜந்தானா?” என்றேன்.

“நாக்குல வெச்சா தெரியாதா? உங்க காலை மாத்திரை கசக்கும். அது மாவு மாதிரி கரையும்.”

“எவ்வளவு நாளாத் தெரியும்?”

“பெரியவ காலத்துலேர்ந்து.”

“ஏன் என்கிட்ட சொல்லல?”

“சொன்னா நீங்க என்ன பண்ணியிருப்பீங்க?”

பதில் எங்கள் இருவருக்கும் தெரியும்.

“ஒண்ண அனுப்பிட்டு வீடு கிடக்கற கிடையப் பாருங்க. இன்னொண்ணையும் வண்டி வெச்சு அனுப்பிட்டா, நான் யாரு மூஞ்சியப் பாத்துட்டுக் கிடக்கறது? எனக்கு ராத்திரிதான வலிக்குது. பொறுத்துக்கலாம்னு இருந்தேன். அவனாவே விட்டுடுவான், விட்டுடுவான்னு...” நீ கேட்க நினைத்ததை நான் கேட்கவில்லை. ஆனால் “அவளுக்கு எப்ப லீவு விடுவாங்க?” என்று அவளே கேட்டாள் என்பதை உனக்குத் தெரிவிக்கிறேன்.

பிறகு அவன் வந்தான். மருந்தை வாங்கி, குறித்து வைத்துவிட்டுத் தருகிறேன் என்று மேசைமேல் வைத்துக்கொண்டேன். இப்போது அது என் முன்னால்தான் இருக்கிறது. அட்டையில் எண்ணிக்கை சரியாக இருக்கிறது. அதற்கு மேல் நான் உற்றுப் பார்க்கவில்லை. ஓரத்தைப் புரட்டவில்லை, விளக்கில் பிடித்துப் பார்க்கவில்லை. பார்த்தபின் நம்புவது என் தொழில். உன்னைப் பொறுத்தவரை நான் பார்ப்பதற்கு முன்பே நம்பினேன் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். இக்கடிதத்தை இந்த நேரத்தில் எழுதுவதற்கு அதுவே காரணம். ஆகஸ்ட் மாதமே நம்பியிருக்க வேண்டும் என்பதை இப்போது விரித்து எழுத நேரமில்லை.

உன் ஆலோசகரோடு பேசிவிட்டேன். டாக்டரையும் அழைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். ஆம்புலன்ஸுக்கும் சொல்லியிருக்கிறார். “பையன் பேசறானா? சிரிக்கறானா? சரி. தூங்க விடாதீங்க. காதுக்கு எட்டற தூரத்துல இருங்க. ஆனா நாங்க வர்ற வரைக்கும் அவன் இருக்கற அறைக்குள்ள போகாதீங்க, நீங்களா எதையும் கேக்காதீங்க. கேட்டா ஓடிடுவான். ஓடினா இன்னிக்கு ராத்திரி அவனைப் பிடிக்க முடியாது” என்று தெளிவாகச் சொன்னார். ஆகவே கூடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். உன் அத்தையின் அறைக் கதவு திறந்திருக்கிறது. கட்டிலோரம் அவன் முதுகும் ஒரு பாதமும் தெரிகின்றன.

இரண்டு முறை கேட்டுவிட்டான்.

“மாமா, அந்தப் புது மாத்திரை எங்க? நேரமாச்சு.”

“இருப்பா, எழுதிக்கிட்டிருக்கேன்.”

“ஒரு மாத்திரைக்கு ஒரு புராணமா? அத்தை, இவரு கல்யாணப் பத்திரிகையையும் மூணு நகல் எடுத்திருப்பாரு பாருங்க.”

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எப்படிப்பட்டது என்று எனக்கு மட்டும் தெரியும்.

அவனிடம் நான் என்ன சொல்லப் போகிறேன் என்பதை யோசித்துவிட்டேன். அக்கா எதுவும் சொல்லவில்லை, நானே கண்டுபிடித்தேன் என்று சொல்வேன். அது பொய். தடுமாறாமல் சொல்வேன். உன் தம்பி உன்னோடு பேசாமல் போகக் கூடாது. அவனைத் தனியே வண்டியில் ஏற்றி அனுப்ப மாட்டேன். அவன் எங்கு போக நேர்ந்தாலும் நானும் கூடப் போவேன். வேலைக்கு நீண்ட விடுப்பு எழுதிவிட்டேன். உன் அத்தைக்கு இன்றிரவு என்ன கொடுப்பது என்று டாக்டர் வந்து சொல்வார்; அதை நான் கொடுப்பேன்.

கோபம் குறையக் குறைய எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். உன்மேல் கோபமில்லை.

அவன் ஏதோ பள்ளிக்கூடக் கதை சொல்கிறான். ஆசிரியர் குரலில் பேசிக் காட்டுகிறான். நடுவில் நிறுத்தி, விட்ட இடத்தைத் தேடுகிறான். “எங்க விட்டேன் அத்தை?” என்கிறான். அவள் எடுத்துக் கொடுக்கிறாள். மறுபடி தொடங்குகிறான். சொற்கள் ஒன்றின்மேல் ஒன்று சரிகின்றன. இந்த அட்டையிலும் அவன் வழியிலேயே எடுத்துக்கொண்டு சத்து மாத்திரையைச் செருகி ஒட்டவில்லை என்று எண்ணிக்கையைக் கொண்டு என்னால் சொல்ல முடியாது.

மீண்டும் நிறுத்தினான். இம்முறை எங்கே விட்டேன் என்று கேட்கவில்லை.

உன் அத்தை “என்னங்க” என்று ஒருமுறை கூப்பிட்டாள்.

தெருவில் வண்டிச் சத்தம் இன்னும் இல்லை. அவர்கள் வரும்வரை உள்ளே போகக் கூடாது என்பது உத்தரவு. இருக்கட்டும். நான் உள்ளே போகிறேன்.